தோட்டத்தை நம்பி விமானம் ஏறாதீர்கள்

பொங்கல் முடிந்ததும் எங்கள் கோத்தகிரிப் பக்கம் வெளிநாட்டுப் படிப்புப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஜெர்மனியில் முதுகலை படித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், சுற்றுப்பட்டு ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) பிள்ளைகளும் பெற்றோரும் ஃபைலோடு வந்து உட்காருவார்கள். நான் அன்று இடறிய கல்லிலேயே ஒவ்வொருவராக வந்து இடறுகிறார்கள். பாஸ்போர்ட் எடுங்கள், கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

"தோட்டம் இருக்கு, லோன் வந்துடும்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கே அதைப் போலப் பல மடங்கு வேண்டும். சரி, மூன்று ஏக்கர் தேயிலை இருக்கிறதே என்று வீட்டில் தைரியமாக இருப்பார்கள். அந்தத் தேயிலை வங்கியின் கண்ணுக்கு விவசாய நிலம். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் பெரும்பாலான வங்கிகள் கல்விக்கடனுக்குத் தோட்டத்தை ஈடாக வாங்கத் தயங்குகின்றன.

"பயிர்க்கடன் கொடுத்த பேங்குதானே தம்பி, படிப்புக்குக் கொடுக்காதா?" என்று என்னிடம் கேட்டார் ஒரு அப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கேட்டது ஜூன் மாதம். பையனுக்கு பிரிட்டனில் இடம் கிடைத்து, முன்பணமும் கட்டியாகிவிட்டது. கோவையில் ஒரு ஏஜென்ட் "லோன் எல்லாம் ஈஸி சார், ஆஃபர் லெட்டர் வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, கமிஷன் பல்கலைக்கழகத்திடமிருந்து வருகிறது.

தோட்டம் வேண்டாம் என்றது வங்கி. வீட்டை வைக்கலாம் என்றால், கட்டிய வீட்டுக்குப் பிளான் அப்ரூவல் இல்லை. மலையில் கட்டட அனுமதி எவ்வளவு இழுக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டி முடித்த பிறகு வாங்குவது இன்னும் பெரிய பாடு. வேறு வங்கி ஒன்று பார்க்கலாம் என்றது. அப்போதுதான் பட்டாவை விரித்துப் பார்த்தார்கள். இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று, சித்தப்பாக்கள் கையெழுத்து, அப்புறம் கட்டிக்கொடுத்த அத்தைமார்களின் கையெழுத்து. அதில் ஒரு அத்தையோடு பேச்சுவார்த்தையே இல்லை. மதிப்பீடு செய்யக் கீழேயிருந்து வர வேண்டிய இன்ஜினியர், மழை, ரோட்டில் மண்சரிவு என்று தள்ளிப்போட்டார்.

கடைசியில் ஈடு கேட்காத தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் கடன் வாங்கினார்கள். வட்டி அதிகம். அதோடு, படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பையன் அங்கே படிக்கிறான். ஃபேக்டரியிலிருந்து வரும் இலைப் பணம் நேராக வட்டிக்குப் போகிறது. கடன் கிடைக்காமலே போயிருந்தால் முன்பணமும் போயிருக்கும். விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தரும் பல்கலைக்கழகங்கள்கூட, "காசு புரளவில்லை" என்றால் திருப்பித் தருவதில்லை.

கூடலூர்க்காரர்களுக்கு இதைவிடச் சிக்கல். 1969-ஆம் ஆண்டின் ஜன்மி (பழைய பெருநிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17-இன் கீழ் வரும் நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்தாலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்தை எந்த வங்கியும் தொடாது.

ஆகவே பல்கலைக்கழகத்தைத் தேடுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். ஒரு வருடம் முன்னால் போனாலும் தப்பில்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் காட்டி, "இதை ஈடாக எடுப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அங்கீகரிக்கப்பட்ட மனை இருந்தால், அவர் ஜாமீன்தாரராக வந்து கையெழுத்துப் போடலாம். வைப்புத்தொகை, எல்ஐசி பாலிசி ஆகியவையும் ஈடாகச் செல்லும். சில வங்கிகள் தங்கள் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஈடில்லாமலே கடன் தருகின்றன. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரதமர் வித்யாலட்சுமி திட்டம்

ஒன்றிய அரசின் இந்தக் கல்விக்கடன் திட்டம் இந்தியக் கல்லூரிகளுக்கு மட்டும்.

கடைசி நேரத்தில் கணக்கை நிரப்புவது

பிரிட்டன் விசாவுக்கு, காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்துதான். கல்யாணச் செலவுக்கு எடுத்துவிட்டு மறுநாள் போட்டுவிட்டோம் என்ற கதையை அதிகாரி கேட்கமாட்டார்.

ஜெர்மனியில் வேறு முறை. அங்கே முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவைப் போட்டுவிட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ என்று வைத்தார்கள். மாதத்துக்கு 992 யூரோதான் கையில் கிடைக்கும். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று நம்பி வருபவர்கள் இந்த எண்ணைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். இலவசம் என்பதும் எல்லா இடத்திலும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள்.

ஏபிஎஸ் சான்றிதழைக் கடைசியில் வைப்பது

நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று சரிபார்த்துத் தரும் சான்று இது. 2022 நவம்பர் முதல் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். ஊட்டி அரசுக் கல்லூரியில் படித்திருந்தாலும் சரி, குன்னூர் பிராவிடன்ஸில் படித்திருந்தாலும் சரி, பட்டம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துடையது. சான்றிதழில் ஏதாவது விடுபட்டிருந்தால் கோவைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு அதை முடித்துவிடுங்கள்.

மூன்று வருடப் பட்டம்

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டம் கேட்கும். பிஎஸ்சி, பிகாம் படித்தவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் முன்கூட்டியே எழுதுவது

இந்த ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும்.

மலைக்காரனுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது

செய்யும்.

உதவித்தொகை நமக்கில்லை என்று இருந்துவிடுவது

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்ட ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையோ ஆய்வோ செய்ய ஒன்றிய அரசு ஆண்டுக்கு 20 பேருக்குத் தரும் உதவித்தொகையில் மூன்று இடங்கள் இப்படிப்பட்ட சமூகங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. என்னிடம் அதைப் பற்றிக் கேட்டு யாரும் வந்ததில்லை. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தால் நாள் போதாது.