மக்கிய உரமும் ரசாயன உரமும்: காய்கறிப் பயிருக்குச் சேர்த்து இடும் முறை

காய்கறிப் பயிருக்கு யூரியா தழைச்சத்தை (நைட்ரஜனை) விரைவாகத் தரும். மண்ணைப் பொலபொலப்பாக்குவதும், ஈரத்தைப் பிடித்துவைப்பதும், நுண்ணுயிர்களுக்கு இரை தருவதும் மக்கிய உரத்தின் வேலை. ஒன்றை மற்றொன்றுக்கு முழு மாற்றாகக் கருத வேண்டியதில்லை.

மண் பரிசோதனையில் தொடங்குங்கள். நடவுக்கு 2 முதல் 3 வாரம் முன்பே மக்கிய உரத்தைப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிட வேண்டும். அது கையில் அள்ளும்போது மண்வாசனையுடன் உதிர வேண்டும். சூடும் வைக்கோல் துண்டுகளும் தென்பட்டால் இன்னும் மக்கவில்லை என்று பொருள். அரைகுறையாக மக்கியதை இட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதால் இளஞ்செடிகள் வெளிறிப்போகும்.

ரசாயன உரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்ற பொதுவான பேச்சை விட, கணக்கிட்டுக் குறைப்பதே சரி என்பது என் கருத்து. 1 சதவீதம் தழைச்சத்துள்ள 200 கிலோ மக்கிய உரத்தில் மொத்தம் 2 கிலோ தழைச்சத்து இருக்கும். அதில் கால் பங்கு முதல் பருவத்தில் கிடைப்பதாகக் கொண்டால் அரை கிலோ, அதாவது 46 சதவீதத் தழைச்சத்துள்ள யூரியாவில் சற்றேறக்குறைய 1.1 கிலோவைக் குறைத்துக்கொள்ளலாம்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் சூப்பர் பாஸ்பேட்டை மக்கிய உரத்தோடு கலந்து, நடவுக்கு முன் அடியுரமாக இட்டால், மணிச்சத்து மண்ணில் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போவது குறையும். யூரியாவை 2 அல்லது 3 தவணையாகப் பிரித்து, தண்டிலிருந்து சற்று விலக்கி, ஈரமண்ணில் இட்டு மூட வேண்டும். அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களுடன் சுண்ணாம்பையோ மரச்சாம்பலையோ கலக்கவே கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகி வெளியேறிவிடும்.