நேரமில்லாதவர்களின் அன்பியம்: செய்யக்கூடாத சில காரியங்கள்

அன்பியம் என்பது கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடு வீடாக மாறிமாறிக் கூடிச் செபிக்கும் சிறு குழு. குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குழித்துறை பக்கம் புதிதாக அன்பிய ஒருங்கிணைப்பாளர் ஆகிறவர்கள் முதலில் சொல்வது, "ஆட்களுக்கு நேரமில்லை, எல்லாத்தையும் எளிதாக்கணும்" என்பதுதான். சரிதான். ஒருவர் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறார்; இன்னொருவர் திருவனந்தபுரத்தில் வேலை முடித்து வீடு சேரவே இரவு எட்டாகிறது. கூட்டம் தாமதமாகத் தொடங்குவது, அறிவிப்பு நீள்வது எல்லாம் போகப்போகச் சரியாகும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டுக் கூட்டத்தில் சாப்பாடு

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். கட்டன் சாயாவும் பிஸ்கட்டுமாகத் தொடங்கும். மூன்றாவது வீட்டில் மரச்சீனியும் மீன்கறியும். அடுத்த வீட்டுக்காரர் விட்டுக்கொடுப்பாரா? புரோட்டா, சிக்கன். அப்புறம் கூலிவேலைக்குப் போகும் அக்கா, "எங்க வீட்டுல இந்தத் தடவை வேண்டாம், இடமில்ல" என்பார். இடம் இருக்கும், காசுதான் இருக்காது. இப்படியே வீடுகள் குறையும். பங்குப்பேரவையில் "மக்களுக்கு நேரமில்லை" என்று அறிக்கை வாசிப்பார்கள்.

காசோடு போனாலும் பரவாயில்லை. கூட்டத்தில் நற்செய்தியை வாசித்துப் பகிர்ந்துகொள்ள லும்கோ என்றொரு முறை உண்டு; அதில் ஏழு படிகள். ஆறாவதில்தான் நாம் என்ன செய்யப் போகிறோம் என்று பேசுவது: படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பார்க்கப் போவது யார், மருந்து வாங்கிக் கொடுப்பது யார் என்று. ஐந்தாவது படியிலேயே அடுப்படியிலிருந்து மசாலா வாசம் வந்துவிடும். வீட்டுக்கார அம்மா மெல்ல எழுந்து உள்ளே போவார். ஆறாவது படி, "அடுத்த தடவை பேசிக்கலாம்" ஆகிவிடும். ஒரு வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பால்வெட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

"சாயா மட்டும்" என்று பூசையில் பங்குத்தந்தை வாயால் சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் கஞ்சன் என்பார்கள்.

சனி மாலைப் பூசையைக் குறைத்துப் பேசுவது

ஞாயிறு டூட்டி பார்க்கும் நர்ஸிடம் "பூசைக்குக் காணலையே" என்று கேட்காதீர்கள். முந்தின நாள் மாலைத் திருப்பலியிலேயே ஞாயிறு பூசைக் கடன் தீர்ந்துவிடும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1248ஆவது சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

புதுசு புதுசாகக் குழு

ஒன்றைத் தொடங்கினால் ஒன்றை நிறுத்துங்கள்.

வாட்ஸாப் செபமாலை

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நல்லது. ஊரில் இருப்பவர்களுக்குக் கூட்டத்துக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள்.