ஒற்றைக் கையால் நெருப்பு மூட்டுவது எப்படி: நம் ஈரக் காலநிலைக்கான செய்முறை

நெருப்பு மூட்டும்போது இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று பிடிக்கிறது, மற்றது உரசுகிறது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தாலோ உள்ளங்கை ஆழமாக வெட்டுப்பட்டாலோ மிஞ்சுகிற கை எதுவானாலும் உரசப் போய்விடும். பிடிக்கத்தான் ஆள் இருக்காது. அந்த வேலையைச் சப்பாத்திடமோ முழங்காலிடமோ மரக்குற்றியிடமோ கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, முதல் பொறி விழுமுன் எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் அடுக்கி வைப்பது. இரண்டு கையுள்ளவர் நெருப்பைக் காத்துக்கொண்டே விறகு தேடலாம். ஒற்றைக் கையோடு அது நடக்காது.

காயம்தான் முதல் வேலை. இரத்தம் நிற்க வேண்டும், முறிந்த கை தூளியில் தொங்க வேண்டும், சிக்னல் இருந்தால் 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்சுக்கு அழைப்புப் போக வேண்டும். நெருப்பு அதற்குப் பிறகு. காயத்துக்குச் சுற்றிய துணியின் நுனி தொங்கினால் உள்ளே செருகிவிடுங்கள்; பருத்தித் துணி பஞ்சுபோலவே பற்றும். கைச் சுத்திகரிப்புத் திரவம் பூசியிருந்தால் முற்றாகக் காயும்வரை பொறுங்கள். அது பெரும்பாலும் அல்ககோல். அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது.

எந்தக் கருவி?

சாதாரண கேஸ் லைட்டர்தான் முதலாவது. அது பிறப்பிலேயே ஒற்றைக் கைக் கருவி. பையில் இரண்டு இருக்கட்டும், ஒன்று உடுப்பில் இருக்கட்டும். சில்லு நனைந்தால் ஊதி உதறிவிட்டு, காய்ந்த துணியில் பத்துப் பதினைந்து தடவை உருட்டுங்கள். நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் குளிர் இறங்கும் இரவுகளில் சுவாலை சோர்ந்தால் லைட்டரைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். உள்ளிருக்கும் பியூட்டேன் வாயு 0 பாகைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அதற்கு மேலேயும் குளிரக் குளிர அழுத்தம் குறையும்.

கேஸ் தீர்ந்த லைட்டரை எறிய வேண்டாம். உள்ளே இருக்கும் கல் ஃபெரோசீரியம், உரசினால் பொறி சிதறும் உலோகக் கலவை. பஞ்சுக்கு மேலே பிடித்துச் சில்லைப் பொறி பறக்காத அளவுக்கு மெதுவாக இருபது முப்பது தடவை திருப்பினால் கருந்தூள் பஞ்சில் உதிரும். பிறகு ஒரே வேகச் சுழற்று. பொறி தூளில் விழுந்து, தூள் பஞ்சைப் பற்றவைக்கும்.

நெருப்புப் பெட்டியை முழங்கால்கள் இரண்டுக்கும் இடையே, உரசும் பக்கம் மேலே இருக்கச் செருகிக்கொள்ளுங்கள். குச்சியின் தலைக்குச் சற்றுக் கீழே சுட்டுவிரலால் தாங்கி, உடம்புக்கு எதிர்த்திசையில் உரசுங்கள். தாங்காவிட்டால் குச்சி முறியும். நம் ஊர் ஈரத்தில் முதலில் கெடுவது குச்சி அல்ல, பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை. சிவப்புப் பொசுபரசு அங்கேதான் இருக்கிறது. பட்டை ஊறிவிட்டால் குச்சி எவ்வளவு காய்ந்திருந்தும் பயனில்லை. ஆகவே குச்சிகளைப் பெட்டியோடு சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் போட வேண்டும். மூடி திருகுவதாக இருந்தால் டப்பாவை முழங்கால்களுக்கு இடையே வைத்துத் திறந்து பாருங்கள். வழுக்கினால் ஒரு சைக்கிள் டியூப் வளையத்தைச் சுற்றிவிடுங்கள், பிடி கிடைக்கும்.

ஃபெரோ ரொட் (அதே ஃபெரோசீரியத்தில் செய்த, சுரண்டிப் பொறி எடுக்கும் கோல்) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் தோற்பது இதில்தான். 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பும் 10 சென்ரிமீற்றர் நீளமும் உள்ளதை வாங்குங்கள். மெல்லியது அழுத்தத்தில் முறியும். புதிதின்மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டி உலோகம் பளிச்சிட்ட பிறகே பொறி வரும். வெள்ளவத்தை, தெகிவளை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றில் ரொட் பொரிந்து உதிரும். பாவிக்காத காலத்தில் நிறமற்ற நகப்பூச்சை ஒரு தடவை பூசி வைத்தால் போதும்.

சுரண்ட விலையுயர்ந்த கத்தி வேண்டாம். கொழும்பு பழைய சோனகத் தெருவில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும் ஹக்ஸோ பிளேட்டில் ஒரு சாண் துண்டு போதும். பல் உள்ள பக்கம் ரொட்டைத் தின்னும். முதுகுப் பக்கம்தான் சரி. அதன் விளிம்பு உருண்டிருந்தால் அரத்தால் தேய்த்துச் சதுரமாக்குங்கள்.

இனி உரசும் முறை. வழக்கமாக ரொட்டைப் பிடித்துப் பிளேட்டைத் தள்ளுவார்கள். ஒற்றைக் கைக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும்: பிளேட் அசையக்கூடாது, ரொட்தான் நகர வேண்டும்.

1. நாலைந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள தட்டையான மரத்துண்டை நிலத்தில் வையுங்கள்.
2. பிளேட்டை அதன்மேல் படுக்கவைத்து, 3 சென்ரிமீற்றர் மட்டும் மரத்துக்கு வெளியே நீட்டவிட்டு, மீதியைச் சப்பாத்தால் அழுத்தி மிதியுங்கள்.
3. நீட்டிய நாக்குக்கு நேர் கீழே பஞ்சை வையுங்கள்.
4. ரொட்டின் நுனி பஞ்சைத் தொட, அதன் பக்கத்தைப் பிளேட்டின் முதுகு விளிம்பில், மரத்தை ஒட்டிய இடத்தில் அழுத்துங்கள். நாக்கின் நுனியில் அழுத்தினால் காலுக்கடியில் பிளேட் சுழன்றுவிடும்.
5. அழுத்தத்தைக் குறைக்காமல், ரொட்டை மெதுவாக மேலே இழுங்கள். பொறிகள் நுனியை நோக்கிக் கீழே கொட்டும். கை பஞ்சை விட்டு விலகிப்போவதால் அடுக்கு கலையாது.

வேகம் வேண்டாம், பலம் வேண்டும். அவசரமாக உரசினால் மணல்போன்ற சிறு பொறிகள் பறந்து காற்றிலேயே அணையும். அழுத்தி இழுத்தால் தடித்த துகள்கள் எரிந்தபடியே பஞ்சில் போய்த் தங்கும். பிளேட் இல்லையென்றால், மரக்குற்றியில் ஆழமாக ஏற்றிய கத்தியின் முதுகிலும் இதைச் செய்யலாம். கத்தியின் கூர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

நுண்ணிய இரும்பு நாரும் 9 வோல்ற் பற்றரியும் ஒற்றைக் கைக்கு அருமையான சோடி. நாரை உதிர்த்துப் பஞ்சுக்குள் செருகி, பற்றரியின் இரு முனைகளையும் அதில் தடவினால் சிவந்து பற்றும். ஆனால் சட்டி தேய்க்க வாங்கும் சுருள் கம்பி இதற்கு உதவாது. அது பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கு, தடித்தும் இருக்கும். வேண்டியது 0000 என்ற தர எண் இட்ட மென்னார். நாரையும் பற்றரியையும் ஒரே பைக்குள் போடாதீர்கள், பைக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். மரத்தோடு மரம் கடையும் முறையை இந்த ஈரத்தில், அதுவும் ஒரு கையோடு, நம்பிப் போகவேண்டாம்.

எதில் பற்றவைப்பது?

வீட்டிலேயே செய்து எடுத்துப் போக வேண்டியது வாஸ்லின் பஞ்சு. தேசிக்காயளவு உண்மையான பருத்திப் பஞ்சுக்கு அரைத் தேக்கரண்டி வாஸ்லின். நடுவில் மட்டும் பிசைந்து, வெளி இழைகளை உலர்ந்தபடியே விட்டுவிடுங்கள். பொறியைப் பிடிப்பது அந்த உலர்ந்த இழை. மூன்று நான்கு நிமிடம் எரியவிடுவது உள்ளிருக்கும் வாஸ்லின். முழுக்கத் தோய்த்தால் பொறி வழுக்கி அணையும். செயற்கைப் பஞ்சு பொறி பட்டால் உருகுமே தவிர பற்றாது. பாவிக்கும்போது பஞ்சின் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு கையால் இழுத்து, சிலந்தி வலைபோல் உதிர்த்துவிட வேண்டும்.

கற்பூரமும் நல்ல துணை. செட்டியார் தெருக் கோயிலடிக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். வில்லையாக வைத்தால் ஃபெரோப் பொறிக்கு மசியாது. சுவாலை பட்டால் உடனே பிடிக்கும். ஆகவே பஞ்சுக்கு நடுவே உடைத்துப் போடுங்கள். திறந்து வைத்தால் காற்றோடு கரைந்து ஒன்றும் மிஞ்சாது, இறுக மூடி வையுங்கள். விழுங்கினால் நஞ்சு, உணவுப் பொதிக்குள் வேண்டாம். மழையில் சிக்கிவிட்டால் ஒரு விரல் அகலச் சைக்கிள் டியூப் துண்டு லைட்டரில் பற்றி, தூறலிலும் நின்று எரியும். அதன் கரும்புகை அடங்கிய பிறகே கேத்தலை வையுங்கள்.

அதற்கு மேலே தென்னை. தென்னை நிற்கிற இடத்தில் கத்தியால் விறகு சீவ வேண்டியதே இல்லை. ஒற்றைக் கையால் சீவுவதும் பிளப்பதும் இருக்கிற கையையும் இழக்கும் வழி. பன்னாடையைக் கிழித்தால் வலை போன்ற இழை வரும். பஞ்சின் சுவாலை முதலில் ஏற வேண்டியது அதில். அடுத்தது காய்ந்த ஈர்க்கு, ஒரு பெரிய பிடி. பிறகு பாளை. உலர்ந்த பாளை நெடுக்காகக் காலால் மிதித்தாலே பிளக்கும், எண்ணெய் தடவினாற்போல் எரியும். சிரட்டை கடைசியில்தான், பிடிக்கத் தாமதம், பிடித்தால் தணல் நெடுநேரம் நிற்கும். பொச்சு நனைந்திருந்தால் வெளித்தோலை விட்டு உள்தும்பை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உலர்ந்திருக்கும். அது சுவாலைவிடாமல் கனியும். பெட்டிக்கடை வாசலில் சிகரெட் பற்றவைக்கத் தொங்கவிடும் தும்புக்கயிறு நாள்முழுக்கக் கனிவது இதனால்தான். ஒரு முழம் தும்புக்கயிற்றைக் கனியவிட்டு வைத்துக்கொண்டால், அடுப்பு அணைந்தாலும் மறுபடி பொறி தேட வேண்டியதில்லை.

தென்னை ஏறாத மலைப்பக்கத்தில் நிலத்தில் கிடக்கும் சுள்ளியைத் தொடாதீர்கள். மரத்திலேயே பட்டு நிற்கும், ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வரும் சுள்ளிதான் உலர்ந்தது. நீளக் கொம்பை இரண்டு மரங்களுக்கு இடையே செருகி, உடம்பால் தள்ளி முறியுங்கள்.

அடுக்குவது

கூம்பாக அடுக்க வேண்டாம். ஒன்றைச் சாய்க்கும்போது மற்றொன்றைப் பிடிக்க ஆள் வேண்டும். சாய்ப்பு அடுக்குத்தான் ஒற்றைக் கைக்கு. தொடை தடிப்புள்ள குற்றி ஒன்றைக் கிடத்துங்கள். அதன் அடியில் ஈர நிலத்துக்கு மேலே மட்டைத் துண்டுகளைப் பாய்போல் பரப்புங்கள். பஞ்சு அந்தப் பாயின்மேல், குற்றியை ஒட்டி. ஈர்க்குப் பிடியைக் குற்றியில் சாய்த்துப் பஞ்சுக்குமேல் கூரையாக்குங்கள். முன்பக்கம் கை நுழையும் அளவுக்குத் திறந்திருக்கட்டும். பலத்த காற்றென்றால் குற்றி காற்றை மறிக்க வேண்டும். மென்காற்றென்றால் அது திறந்த பக்கத்தால் நுழையட்டும்.

பற்றவைக்குமுன் வலது புறத்தில் (இடக்கையால் செய்பவர் இடது புறத்தில்) மூன்று குவியல்: ஈர்க்குத் தடிப்பில் இரண்டு பிடி, பென்சில் தடிப்பில் ஒரு கைச்சுமை, பெருவிரல் தடிப்பில் அதில் இரண்டு மடங்கு. குறைவாக வைத்துவிட்டு ஓடித் திரிவதுதான் நெருப்பு அணைவதற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம், அவசரப்பட்டுத் தடித்த விறகைப் போட்டு மூச்சை அடைப்பது. ஈர்க்கு முழுக்கப் பிடித்து, சுவாலை அடுக்குக்கு மேலே எட்டிப்பார்த்த பிறகே பென்சில் தடிப்பு. வெண்புகை மட்டும் கிளம்பினால் விறகு ஈரம் அல்லது காற்றில்லை. ஊதுவதற்கு முன் ஒரு கம்பால் அடுக்கைச் சற்றுத் தூக்கிவிடுங்கள். ஊதுவதானால் அடியில், நீளமாக, மெதுவாக. மண்ணெண்ணெய், பெற்றோல் வேண்டவே வேண்டாம். போத்தலை ஊற்றிய கையே மூடவும் வேண்டும், அதற்குள் சுவாலை போத்தலுக்கு ஏறிவிடும்.

பழகுவதானால் வீட்டு முற்றத்தில், தகரத் தட்டின்மேல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு பழகுங்கள். வலக்கையைச் சறத்தால் கட்டிவிட்டு இடக்கையால் மட்டும் செய்யுங்கள். காயப்படுவது வலக்கையாகவும் இருக்கலாம். தேசியப் பூங்காக்களிலும் ஒதுக்கக் காடுகளிலும் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது குற்றம், ஹோட்டன் சமவெளியும் அதில் அடக்கம். நக்கிள்ஸ், ஊவாச் சரிவுகளின் புல்வெளிகள் வறண்ட காற்றில் ஒரு பொறிக்கே பரவும். உயிராபத்தில் வேறு வழியில்லை என்றால் பாறைமேலோ ஆற்று மணலிலோ மட்டும் மூட்டுங்கள்.

அணைக்கத் தண்ணீர், கிளறல், மறுபடி தண்ணீர். பொச்சும் சிரட்டையும் போட்ட நெருப்பு மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் அடியில் மணிக்கணக்காகக் கனியும், ஆகவே கம்பால் நிலம்வரை தோண்டிக் கிளறுங்கள். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரியாதபோது மெல்லக் கீழே இறக்குங்கள். தொடும் தூரத்திலும் சூடு இல்லையென்றால் நெருப்பு அணைந்தது.