சீலியாக் நோயோடும் பிரக்டோஸ் ஒவ்வாமையோடும் யாழ்ப்பாணம் செல்வோருக்கு

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோயும், பழத்திலும் தேனிலும் உள்ள பிரக்டோஸ், பாலில் உள்ள லாக்டோஸ் போன்ற சர்க்கரைகளை ஏற்காத குடலும் சேர்ந்து வாய்த்த ஒருவர் ஊருக்குப் போகுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, தமக்கு இருப்பது சீனி வருத்தம் அல்ல என்பதைத் தாம் சாப்பிடப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தில் அறிவிப்பதே. "சில சர்க்கரைகள் எனக்கு ஒத்துவராது" என்று தொலைபேசியில் சொன்னால், ஊரில் அதை நீரிழிவு என்றே எடுத்துக்கொள்வார்கள். நீரிழிவுக்காரருக்கென்று அன்போடு சமைக்கப்படுபவற்றில் பலவும் நமக்கு ஆகாதவை. சோற்றைக் குறைத்துவிட்டு ஆட்டா மா ரொட்டியும் கோதுமை மா கலந்த குரக்கன் பிட்டும் வைப்பார்கள். தேநீரில் சீனிக்குப் பதிலாகத் தேனை விடுவார்கள். தேடி வாங்கி வைத்திருக்கும் சீனி இல்லாத பிஸ்கட்டில் கோதுமையோடு, நம் குடல் ஏற்காத சோர்பிட்டால் என்னும் இனிப்பூட்டியும் இருக்கும்.

நான் போனது பெரியப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு. நீரிழிவால் ஒரு காலை இழந்து அவர் கடைசி ஆண்டுகளைச் சாய்மனையில் கழித்தபோது நான் அங்கே இருக்கவில்லை. பணம் அனுப்பினேன், வீடியோ அழைப்பில் முகம் பார்த்தேன். புண்ணுக்கு மருந்து கட்டியதும், கிளினிக் வரிசையில் காத்திருந்ததும், எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக்கூடாது என்று தாதிமாரிடம் கேட்டுக் கேட்டுப் படித்ததும் பெரியம்மா. ஆகவே படையல் முடிந்து பந்தி வைத்தபோது, எனக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு வந்தது. "சோறு உனக்குக் கூடாது எண்டு எனக்குத் தெரியாதே பிள்ளை? அவருக்குச் செய்த மாதிரியே உனக்கும் செய்து வைச்சிருக்கிறன்" என்றார். தட்டில் குரக்கன் ரொட்டி இருந்தது. அது விரியாமல் வருவதற்காக அரைப் பங்கு கோதுமை மா சேர்த்ததாக அவரே சொன்னார்.

நான் மறுத்தேன். கணவரின் திவசத்தில், இனசனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையால் வைத்த தட்டை மறுப்பது எப்படிப்பட்ட காரியம் என்பது ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு செமிக்காதாக்கும் என்று ஒரு சித்தப்பா சொன்னார். கை நனைக்காமல் எழும்பக்கூடாது என்று மற்றவர்களும் வற்புறுத்தியதால் வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டேன். ரசத்தில் கூட்டுப் பெருங்காயம் போட்டிருந்தார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். சோற்றை அள்ளிய அகப்பையும் எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இரவு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. பெரியம்மா தலைமாட்டில் விழித்திருந்தார். உடற்சூடு தணியட்டும் என்று பார்லி காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தார். பார்லியிலும் குளூட்டன் உண்டு என்பதால் அதையும் மறுக்க வேண்டியிருந்தது. ரொட்டியை மறுத்தபோது கோபப்பட்டவர், இந்தக் கோப்பையை மறுத்தபோது ஒன்றும் பேசவில்லை. நான் வந்த வேறு வேலைகள் அத்தனையும் படுக்கையோடு போயின. ஆனால் இன்றும் மனத்தை அறுப்பது, அவருக்குத் தெரிந்த பணிவிடை முழுவதும் நான் இல்லாத ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டது என்பதும், அதையே நான் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது என்பதும்தான்.

ஆகவே விளக்கத்தைப் பந்திக்கு வந்த பிறகு தொடங்காதீர்கள். இரண்டு நோய்களையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சீலியாக் நோயில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் புரதம் பட்டவுடன் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உறிஞ்சிகளை, அதாவது உணவின் சத்தை உள்ளிழுக்கும் நுண்ணிய விரல் போன்ற முனைகளை, சிதைக்கிறது. அங்கே சிறிதளவும் கூடாது. பிரக்டோஸ் ஒவ்வாமை அளவைப் பொறுத்தது: குடல் உறிஞ்சத் தவறிய பிரக்டோஸைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் ஊதலும் வலியும் வருகின்றன, கொஞ்சம் தாங்கும், கூடினால் தாங்காது. லாக்டோஸைச் செரிக்கும் நொதி உறிஞ்சிகளின் நுனியில் இருப்பதால், சீலியாக்கால் குடல் சிதைந்திருக்கும் காலத்தில் பாலும் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறினால் பலருக்கு அது திரும்பும். "பத்தியம்" என்று சொன்னால் மூத்தவர்கள் மதிப்பார்கள். "டயட்" என்றால் மெலிய விரும்புகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு அகப்பை வைப்பார்கள்.

நம்மூர் அரிசி உணவு என்பதால் பயமில்லை என்ற எண்ணத்தோடு விமானம் ஏறாதீர்கள். யாழ்ப்பாணத்துப் பிட்டிலும் இடியப்பத்திலும் அவித்த கோதுமை மா சேர்ப்பது வழக்கம். தோசை மாவிலும் பல வீடுகளில் சேர்ப்பார்கள். முறுக்கிலும் பயற்றம் பணியாரத்தின் மேல் மாவிலும் அது இருக்கலாம். கேட்டால் அரிசி மாதான் என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பதத்துக்காகப் போடும் ஒரு கைப்பிடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குளூட்டன் அற்றது என்று கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரம் ஏற்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேற்படாததை மட்டுமே என்னும்போது, அந்தக் கைப்பிடி எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். பாத்திரங்களும் அப்படியே. பிட்டு அவிக்கப் பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியின் இடுக்குகளில் ஏறிய மாவை எந்தக் கழுவலும் எடுக்காது. இடியப்பத் தட்டும், மர உரலும், மா அரிதட்டும் அப்படித்தான். போன அன்றே சந்தையில் புதிய நீத்துப்பெட்டி, சட்டி, அகப்பை வாங்கி உங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அரிசியைக் கழுவி வீட்டிலேயே இடித்தோ அரைத்தோ எடுத்தால் பிட்டு கொஞ்சம் உதிரும், ஆனால் வயிறு நிம்மதியாக இருக்கும்.

வெங்காயமும் உள்ளியும் இல்லாத கறியை ஊரில் கேட்பது எளிதன்று. அவற்றில் உள்ள பிரக்டான்கள், அதாவது பிரக்டோஸ் கோர்த்த சங்கிலிகள், நம் குடலுக்கு ஆகாதவை. பிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே வெங்காயத்தைப் பெரிய துண்டுகளாக எண்ணெயில் வதக்கி, தண்ணீரோ தேங்காய்ப்பாலோ விடுமுன் முழுவதையும் அகற்றிவிடச் சொன்னால், வாசனையும் கிடைக்கும், சமைப்பவரின் மனமும் நோகாது. என் வரையில் எந்த மருந்தைவிடவும் இந்த ஒரு உத்தி அதிகம் உதவியிருக்கிறது.

கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் போகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாம்பழத்தில் குளுக்கோஸை விடப் பிரக்டோஸ் அதிகம். உறிஞ்சலுக்குத் துணை செய்வது குளுக்கோஸ் என்பதால் இந்த மிகை நம்மைத் தாக்கும். ஒரு கீற்றோடு நிறுத்தக் கூடியவர் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு உண்ணலாம். முடியாதவர் பப்பாசிப்பழம் கேளுங்கள். இளநீரிலும் பிரக்டோஸும் சோர்பிட்டாலும் உண்டு. வெயிலில் இரண்டு மூன்று வெட்டித் தருவார்கள், ஒன்றில் பாதியோடு விடுங்கள். வீடு வீடாகப் போகும்போது நெஸ்டமோல்ட்டோ ஹோர்லிக்ஸோ கரைத்துத் தருவது மரியாதை. இரண்டிலும் மோல்ட் எனப்படும் முளைகட்டிய தானியம் இருப்பதால் வாசலிலேயே வெறுந்தேத்தண்ணி போதும் என்று சொல்லிவிடுங்கள். விமானத்தில் குளூட்டன் இல்லாத உணவு கேட்டால் இனிப்புக்குப் பதில் ஆப்பிளும் பழச்சாறும் வரலாம். நீங்கள் கொண்டுபோகும் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுகளிலும் தேன், இனுலின் என்னும் பிரக்டான் வகை நார், ஆப்பிள் நார் உள்ளனவா என்று பாருங்கள்.

மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். எனக்கு வருத்தம் வந்த மறுநாள் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் பாணி மருந்து எழுதித் தந்தார்கள்; அதில் என்ன இனிப்பு இருக்கிறது என்று கேட்டதற்கு மருத்துவர் எரிந்து விழுந்தார். பாணி மருந்துகள் பலவற்றில் சோர்பிட்டால் உண்டு என்பதால், கூடியவரை மாத்திரையாகக் கேளுங்கள். வயிற்றோட்டத்துக்கான உப்புக் கரைசலில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த 2002ஆம் ஆண்டுச் சேர்க்கையின்படி சர்க்கரையாக இருப்பது குளுக்கோஸ் மட்டுமே, லீற்றருக்கு 13.5 கிராம். அது நமக்கு ஏற்றது. சுவை சேர்க்காத பொட்டலங்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிறவியிலேயே வரும் பரம்பரைப் பிரக்டோஸ் நோய் முற்றிலும் வேறு. அதில் பிரக்டோஸை உடைக்க உதவும் கல்லீரலின் அல்டோலேஸ் பி நொதி இயங்காததால், சாதாரணச் சீனியும் சோர்பிட்டாலும்கூட இரத்தக் குளுக்கோஸை ஆபத்தான அளவுக்கு இறக்கி, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரக்டோஸோ சோர்பிட்டாலோ கலந்த திரவத்தை நரம்பில் ஏற்றினால் உயிரே போகலாம். சீனியும் உப்பும் கலந்து வீட்டில் கரைத்துத் தரும் தண்ணீரும் அவர்களுக்கு ஆகாது. இந்நோய் உள்ளவர்கள் மருத்துவரின் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எடுத்து, ஒன்றைக் கடவுச்சீட்டோடும் இன்னொன்றைத் தங்கும் வீட்டில் உள்ள ஒருவர் கையிலும் கொடுத்து வைக்க வேண்டும்.