திருகோணமலையில் திமிங்கலம் பார்க்கப் படகு பேசுவது எப்படி

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ படகு பேசப் போனால், “கட்டாயம் காட்டுவன், காட்டாட்டிக் காசு வேண்டாம்” என்று யாராவது சொல்வார்கள். அந்தப் படகில் ஏறாதீர்கள். நானும் சீசனுக்கு ஆட்களை ஏற்றுகிறவன்தான், யாருடைய வயிற்றிலும் அடிக்க இதைச் சொல்லவில்லை. காட்டினால்தான் கூலி என்றால் ஓட்டி துரத்தத்தான் செய்வான். எண்ணெய்க்குப் போட்ட காசை அவன் எடுக்க வேண்டாமா?

ஆகவே கூலியைக் கடலில் ஓடிவருகிற பயணத்துக்குப் பேசுங்கள். கண்டாலும் காணாவிட்டாலும் அதே தொகை. என் படகில் வந்த அமெரிக்கர் ஒருவர், தங்கள் நாட்டில் காட்டு மான் யார் காணியில் நின்றாலும் பொதுச்சொத்து என்றும், வேட்டைக்குக் கூட்டிப்போகிற வழிகாட்டிகள் அதைத் தங்கள் வீட்டு மான் மாதிரி விலைபேசுவதாகவும் குறைப்பட்டார். இங்கேயும் கதை அதுதான். திமிங்கலம் எனக்குச் சொந்தமில்லை. என்ஜினுக்கும் என் கண்ணுக்கும்தான் நான் காசு கேட்கலாம்.

உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளென வெளிக்கிடுங்கள், வெயில் ஏறக் காற்றும் ஏறும். துறைமுக வாசலிலேயே கடல் கிடுகிடுவென ஆழமாகிவிடுவதால் அதிக தூரம் ஓட வேண்டியதில்லை; சில நாட்களில் கோணேசர் கோயில் மலையிலிருந்தே மூச்சுப் புகை தெரியும்.

புகை தெரிந்ததும் “கிட்டப் போங்கோ அண்ணை” என்று கத்தாதீர்கள். 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது, அது 2012 இல் வந்த சட்டம். நல்ல ஓட்டி வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில், அது போகிற திசையிலேயே மெல்லப் போவான். முன்னால் குறுக்கே விட்டால் உடனே சொல்லுங்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று படகுகள் நின்றால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வாலைத் தூக்கி இறங்கின இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றினதுபோல வழவழவென்று கிடக்கும். அதற்குமேல் ஓடிப் பிரயோசனமில்லை. என்ஜினை நிறுத்திக் காத்திருங்கள்: நீலத்திமிங்கலம் பத்து நிமிஷமளவில் எழும்பும், ஸ்பேர்ம் திமிங்கலம் என்றால் முக்கால் மணித்தியாலமும் எடுக்கும்.

சந்தோஷக் காசு கொடுப்பதென்றால் கரையில் இறங்கிக் கொடுங்கள். கடலில் வைத்து ஆசை காட்டினால் மேலே சொன்னதெல்லாம் வீண்.

திமிங்கலத்தோடு கூடக் குதித்து நீந்தலாமா என்று கேட்கிற தம்பிமார் நிலாவெளிக்கு முன்னால் கிடக்கிற புறாத்தீவுக்குப் போங்கள். 2003 இலிருந்து தேசியப் பூங்கா, டிக்கெட் எடுக்க வேண்டும். பவளத்தில் கால் ஊன்றாமல் மிதந்தால் கறுப்புச் செட்டைச் சுறாக்கள் சும்மா சுற்றிப் போகும். சிப்பி பொறுக்கிப் பையில் போடாதீர்கள், வாசலில் வாங்கிவிடுவார்கள்.