டிரங்குப் பெட்டியில் இருக்கும் விமானப்படைப் பயிற்சிப் படங்கள்: நாம் செய்யும் தவறுகள்

தாம்பரத்திலோ பெங்களூரு ஜாலஹள்ளியிலோ பயிற்சி முடித்து, 15 வருடத்துக்கு மேல் விமானப்படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் வீட்டில் அநேகமாக ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் சர்வீஸ் நம்பரும் எழுதியிருக்கும். உள்ளே டிஸ்சார்ஜ் தாள்கள், பழைய பெல்ட், அடியில் ஒரு கவர். அந்தக் கவரில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத கறுப்பு வெள்ளைப் படங்கள். பில்லெட் (தங்கும் விடுதி) வாசலில் பனியனோடு நிற்கும் பையன்கள், பயிற்சி முடிவில் நடக்கும் பாசிங் அவுட் பரேடு, விமானத்தின் இறக்கைக்குக் கீழே தோளில் கை போட்ட நான்கு பேர்.

என் அப்பாவின் பெட்டியில் தொடங்கி, அவரோடு பயிற்சி எடுத்தவர்களின் பெட்டிகள் வரை கொஞ்ச வருடங்களாக இவற்றைச் சேகரித்து வருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே மற்ற வீடுகளிலும் பார்க்கிறேன். சிலவற்றைப் பிறகு சரிசெய்யலாம். ஒன்றை மட்டும் சரிசெய்யவே முடியாது.

அது என்னவென்றால், முதலில் ஸ்கேன் செய்துவிட்டுப் பெயர்களை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது. அறுபது வருடம் தாங்கிய படம் இன்னும் ஆறு மாதம் தாங்கும். படத்தில் நிற்பவர்களின் பெயர் ஒருவருடைய தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அப்பாவின் படம் ஒன்றில் ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். நான் அதைச் சுத்தமாக ஸ்கேன் செய்து, கீறல்களை நீக்கி, பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனபோது அவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான்கு பெயர் சொன்னார். ஐந்தாவது ஆளின் முகத்தில் விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆகவே கேமரா, ஸ்கேனர் எதுவும் வேண்டாம், இன்றைக்கே போய் உட்காருங்கள். படத்தைப் போனில் எடுத்து ஏ-4 தாளில் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போடுங்கள். எண்ணைச் சொல்லிப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். 'இடமிருந்து வலம்' என்று மட்டும் எழுதினால் பார்ப்பவரின் இடமா, நிற்பவரின் இடமா என்ற குழப்பம் வரும். எண்ணில் அது வராது.

பெயரை எழுதும்போது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டால், அதற்கப்புறம் சர்வீஸ் முழுக்க அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். கருப்பையாவின் மகன் முத்துசாமி வடநாட்டு நண்பர்களுக்குக் கருப்பையாவாகவும், தமிழ்ப் பையன்களுக்கு முத்துவாகவும் இருந்திருப்பார். இரண்டையும் எழுதாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். பட்டப் பெயரையும் விடாதீர்கள். எண்ட்ரி மேட்டுகளுக்கு, அதாவது ஒரே பிரிவில் சேர்ந்தவர்களுக்கு, பல சமயம் அது மட்டும்தான் நினைவிருக்கும்.

அடுத்த தவறு, பேச உட்கார்ந்ததுமே படத்தை நீட்டுவது. படத்தைப் பார்த்துவிட்டால் நினைவு அந்தச் சட்டத்துக்குள்ளேயே சுற்றும். படம் எடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நிறையச் சொல்வார்கள், எடுக்காத மற்ற நாட்கள் வெளியே வராது. ஊரிலிருந்து எப்படிப் போனீர்கள், முதல் நாள் யார் எதிரே வந்தார்கள், உடுப்பும் சாமானும் அடங்கிய கிட்டில் என்னென்ன கொடுத்தார்கள், முதல் முறை முடி வெட்டிவிட்டபோது எப்படி இருந்தது, மெஸ்ஸில் முதல் சப்பாத்தியை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். படம் இரண்டாவது நாள் வரட்டும். "டிரில் இன்ஸ்ட்ரக்டர் ரொம்பக் கடுமையா இருந்திருப்பாரே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ரீயூனியனில் பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பதிவு செய்வதும் சரிவராது. குரல் உயர்ந்தவரின் கதையே எல்லாருடைய கதையும் ஆகிவிடும். வருடா வருடம் சொல்லிச் சொல்லி, ஒருவருக்கு நடந்தது மற்றவருக்கும் நடந்ததாகவே பதிந்துபோயிருக்கும். தனித்தனியாகக் கேளுங்கள். விமான இன்ஜின் பக்கத்திலேயே வேலை பார்த்தவர்கள் பலருக்குக் காது மந்தம். முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்களைச் சோர்வாக்க வேண்டாம்.

வருடத்தை நேரடியாகக் கேட்டால் தப்பாக வர வாய்ப்பு அதிகம். யாருமே வாழ்க்கையை ஆண்டுக் கணக்கில் நினைவு வைத்துக்கொள்வதில்லை. வேறு நிகழ்ச்சியில் கட்டிக் கேளுங்கள். நேரு இறந்தபோது (1964 மே) நீங்கள் பயிற்சியிலா, போஸ்டிங்கிலா? தனுஷ்கோடிப் புயல் (1964 டிசம்பர்) செய்தி எங்கே இருந்தபோது வந்தது? 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது ஊரில் இருந்தீர்களா? அந்த செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது? அண்ணா இறந்தபோது (1969 பிப்ரவரி)? இப்படி நாலு கேள்வி போதும், காலம் தானாக நெருங்கி வரும். எண்ட்ரி நம்பரையும், அதாவது அவர் சேர்ந்த பிரிவின் எண்ணையும், கேளுங்கள். வருடத்தை மறந்தவரும் அதை மறப்பதில்லை.

அவர் சொல்வதும் டிஸ்சார்ஜ் தாள் சொல்வதும் வேறாக இருந்தால், ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதாதீர்கள். இரண்டையும் எழுதி, எது யார் சொன்னது என்று குறியுங்கள். அவர் எதிரே அதை நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

படத்தை வைத்துக் காலத்தையும் இடத்தையும் முடிவு செய்வதில்தான் அதிகமாகச் சறுக்குகிறோம். விமானம் ஒரு நல்ல சாட்சி, ஆனால் பாதிச் சாட்சி. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை இருந்தால் பெரும்பாலும் டைகர் மாத். ஒற்றை இறக்கையோடு முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை உள்ள சின்ன விமானம் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தயாரித்த ஹெச்டி-2 ஆக இருக்கலாம். அது முதலில் பறந்தது 1951-ல், எனவே அதுதான் என்றால் படம் அதற்கு முந்தியது அல்ல. பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஜெட் கிரண் ஆக இருக்கலாம், அது முதலில் பறந்தது 1964-ல். இவை 'இந்த வருடத்துக்கு முன்னால் இல்லை' என்று மட்டும் சொல்லும். 'இந்த வருடம்தான்' என்று சொல்லாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஹார்வர்டு விமானம் நம் விமானப்படையில் 1970-கள் வரை பயிற்சிக்கு இருந்தது. தொழில்நுட்பப் பயிற்சி முகாமிலோ, பறப்பதை நிறுத்திவிட்ட விமானங்களைக் கழற்றிப் பூட்டிப் பழகுவதற்காகவே வைத்திருப்பார்கள். பையன்கள் அதன்முன் நின்று எடுத்த படத்துக்கு அந்த விமானத்தின் வயதைக் கொடுத்தால் பத்து, பதினைந்து வருடம் பிசகும்.

எழுத்தையும் பாருங்கள். பெயர்ப்பலகையிலோ படத்தின் பின்புறத்திலோ 'ராயல்' இந்திய விமானப்படை என்று இருந்தால் அது 1945-க்கும் 1950 ஜனவரிக்கும் இடைப்பட்டது. அந்த அடைமொழி போரின் கடைசியில் வந்து, குடியரசானதும் போய்விட்டது.

இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் எல்லாப் பயிற்சிப் படமும் 'தாம்பரம்' ஆகிவிடுகிறது. அடிப்படைப் பயிற்சி ஒரு ஊரில், தொழில் பயிற்சி இன்னொரு ஊரில் என்று மாறியிருப்பார்கள். பயிற்சிப் பள்ளிகளும் இடம் மாறின. விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளியே அம்பாலாவில் 1948-ல் தொடங்கி, 1954-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது. கோவை ரெட் ஃபீல்ட்ஸில் இருப்பது அதிகாரிகளுக்கான நிர்வாகக் கல்லூரி, இன்ஜின் மெக்கானிக் பயிற்சிக்கு அங்கே வேலை இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு படத்தின் பின்னால் தம்பி 'தாம்பரம்' என்று எழுதிவைத்திருந்தான். படத்தில் ஆறு பேரும் முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். தாம்பரத்தில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள்? கேட்டபோது அப்பா உடனே சொன்னார், ஜாலஹள்ளி, காலை பி.டி.க்கு முன்னால் எடுத்தது என்று. பெங்களூருக் குளிர் படத்திலேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

இன்னொன்று, எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். விமானப்படையில் இருந்தாலே பைலட் என்று பேரப்பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். காக்பிட் ஏணியில் நின்று எல்லாருமே படம் எடுத்துக்கொண்டார்கள். பைலட் என்றால் இடது மார்பில் இறக்கைச் சின்னம் இருக்கும். கையில் இரண்டு பட்டை கார்ப்பரல், மூன்று பட்டை சார்ஜென்ட். ஃப்ளைட் லெஃப்டினன்ட் என்பது தரைப்படையின் கேப்டனுக்குச் சமமான அதிகாரிப் பதவி, அதை வாயில் வந்தபடி சேர்க்கக் கூடாது. இன்ஜின் ஃபிட்டராகவோ, ரிக்கராகவோ, ரேடியோ மெக்கானிக்காகவோ இருந்தவரை பைலட் ஆக்கினால், விமானம் பத்திரமாக ஏறி இறங்குவதற்காக அவர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட பொறுப்பை நாம் அழித்துவிடுகிறோம். ரிக்கர் என்றால் விமானத்தின் உடலையும் இறக்கையையும் பார்த்துக்கொள்பவர். அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள்.

படத்தைக் கையாள்வதில் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் மேலுறையும் உள்ள ஆல்பம் வேண்டாம், அது படத்தையே தின்றுவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காமல் ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது, திரும்ப எடுக்க வழியில்லை. ஈரத் துணி, செலோ டேப், பின்புறத்தில் பால்பாயின்ட் பேனா, மூன்றும் கெடுதல். மென்மையான பென்சிலால் பின்புற ஓரத்தில் எழுதுங்கள். சின்னப் படங்களை 1200 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து, மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவில் வையுங்கள். பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

செயலியைக் கொண்டு வண்ணம் ஏற்றுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தக் காலத்து வெயில்கால உடுப்பு காக்கி. செயலிக்கு அது தெரியாது. விமானப்படை என்றதும் நீலம் பூசும். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று இல்லாத கண்ணையும் மூக்கையும் வரைந்துவிடும். எண்ட்ரி மேட்டுக்கு அடையாளம் கேட்டு அனுப்ப வேண்டியது அந்தப் படம் அல்ல, மங்கலாக இருந்தாலும் பழைய படம்தான்.

எல்லாவற்றையும் உடனே பொதுவில் போடுவதும் தவறு. சர்வீஸ் நம்பர், ஓய்வூதியத் தாள், வீட்டு முகவரி ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். தாம்பரம் இன்றும் இயங்கும் விமானத் தளம். பழைய படத்தில் இருக்கும் கட்டடத்தை இன்றைய வரைபடத்தில் பொருத்திக் காட்ட வேண்டாம். 1923-ன் அரசு ரகசியச் சட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறது. பயிற்சியில் நடந்த விபத்து, இறந்த நண்பன், தண்டனை வாங்கியவன் பற்றிய கதைகளை அவர்கள் நம்மை நம்பித்தான் சொல்கிறார்கள். இறந்தவரின் வீட்டாருக்கு அந்தக் கடைசி நிமிடங்கள் தெரியாமல் இருக்கலாம். இதை வெளியே சொல்லலாமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத முகத்துக்கு ஊகத்தில் பெயர் போடாதீர்கள். 'தெரியவில்லை' என்று எழுதி, யாரிடம் எந்தத் தேதியில் கேட்டோம் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அப்பாவின் ஒன்பது பேர் படத்தில் 5, 7, 8 எண்களுக்கு எதிரே இப்போது அதுதான் இருக்கிறது. 6-ம் எண்ணுக்கும் 9-ம் எண்ணுக்கும் பெயர் சொன்னவர் பாலக்காட்டில் இருக்கும் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக். அவர் எண்ட்ரியில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம். அவர்களுக்கு அச்சிட்ட பிரதியும், எண் போட்ட தாளும், ஒரு பென்சிலும் கவரில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.