ஆர்பிஜி மேக்கரில் முதல் கேம் செய்கிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவைதான்

நாகர்கோவில் பக்கம் ஆர்பிஜி மேக்கர் என்ற, கதை சொல்லும் கேம்கள் செய்யும் மென்பொருளைத் திறந்து உட்காரும் பிள்ளைகள் பலருக்கும் ஆசை ஒன்றுதான்: "அண்ணே, நம்ம மாவட்டம் முழுசையும் கேமுக்குள்ள கொண்டு வரணும்." கன்னியாகுமரியில் படகேறி விவேகானந்தர் பாறை, அங்கிருந்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் சிலை, அப்புறம் வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, கடைசிச் சண்டை பேச்சிப்பாறை அணையில். கேட்கவே நன்றாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்து விசாரித்தால் படகுத்துறை மட்டும் பாதி முடிந்திருக்கும்.

ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, மென்பொருளின் குணம் அப்படி. புரோகிராமிங் தெரியாதவர்களுக்காகவே ஜப்பானில் உருவான கருவி இது. நிறுவிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஆள் புல்தரையில் நடப்பான், கடைக்காரர் பேசுவார், சண்டைகூட வரும். தொடங்குவது இவ்வளவு சுலபமாக இருப்பதால் முடிப்பதும் சுலபம் என்று நம்பிவிடுகிறோம். 2015இல் வந்த எம்வி, 2020இல் வந்த எம்இசட் ஆகிய இரண்டு பதிப்புகளும் இப்போது அதிகம் புழங்குகின்றன. இரண்டும் உள்ளே ஜாவாஸ்கிரிப்டில் ஓடுபவை. இங்கே சொல்வதெல்லாம் அவற்றை வைத்துத்தான்.

மேப் பெரிதானால் கேம் பெரிதாகாது

ஒரு மேப்பை அகலம் 256, உயரம் 256 கட்டம் வரை இழுக்கலாம். இழுக்க முடிகிறது என்பதற்காகவே இழுத்துவிடுகிறார்கள். திரையில் ஒரே நேரத்தில் தெரிவது 17க்கு 13 கட்டம் மட்டும். வழக்கமான நடை வேகத்தில் கதாநாயகன் ஒரு கட்டம் கடக்க 16 பிரேம் ஆகும் (திரை வினாடிக்கு 60 பிரேம் ஓடும்), அதாவது வினாடிக்கு நாலு கட்டம்கூட இல்லை. 100 கட்டம் நீளமுள்ள தெருவைக் கடக்கவே 27 வினாடி. 256 கட்டம் என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே திசையில் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வழியில் பேச ஆளில்லை, பார்க்க ஒன்றுமில்லை என்றால் விளையாடுகிறவர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார். போதாக்குறைக்கு, மேப்பில் எதிரிகளைச் சேர்த்ததும் சராசரி 30 கட்டம் நடந்தால் ஒரு சண்டை என்ற எண் ஏற்கெனவே அங்கே எழுதியிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் அந்த நீளத் தெருவில் மூன்று முறை சண்டை போட்டுத்தான் அந்தப் பக்கம் சேர முடியும்.

முதல் கேமுக்கு மூன்று மேப் போதும். வடசேரி பேருந்து நிலையம், பேருந்தின் உள்பக்கம், தோவாளை பூச்சந்தை. வீட்டில் கல்யாணம், விடிவதற்குள் பூ வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும், கையில் இருக்கும் காசு போதாது. இதற்குள்ளேயே பேரம் இருக்கிறது, நேரக் கெடு இருக்கிறது, சந்திக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சண்டை வேண்டும் என்று கட்டாயமா என்ன? 2011இல் வந்த 'டு தி மூன்' எக்ஸ்பி என்ற பழைய பதிப்பில் செய்த கேம். சில மணி நேரத்தில் முடிந்துவிடும், சண்டை அனேகமாகக் கிடையாது. அதைத்தான் உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள்.

சண்டை வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று. அடியின் அளவு, தாக்குபவரின் தாக்கு எண்ணை நாலால் பெருக்கி, எதிராளியின் தற்காப்பு எண்ணை இரண்டால் பெருக்கிக் கழித்து வருவது. எதிரியின் தற்காப்பு உங்கள் தாக்கு எண்ணைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டால் அடியே விழாது. "பாஸ் சாகமாட்டேங்கிறான்" என்று வரும் புகார்களில் பாதி இந்தக் கணக்குதான்.

ஆணி அடித்தாற்போல நிற்கும் கதாநாயகன்

ஈவென்ட்தான் இந்த மென்பொருளின் உயிர். ஆள், பெட்டி, கதவு, இடையில் வரும் கதைக் காட்சி எல்லாமே ஈவென்ட். இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள்.

புதிதாக ஒரு ஈவென்ட் போட்டு அதற்குப் பாட்டி உருவத்தைக் கொடுக்கிறீர்கள். ஓட்டிப் பார்த்தால் கதாநாயகன் பாட்டிமேல் ஏறி நடந்து போகிறான். காரணம், புது ஈவென்டின் முன்னுரிமை 'கதாபாத்திரங்களுக்குக் கீழே' என்று இருக்கும். தரையில் கிடக்கும் சாவிக்கு அது சரி. மனிதர்களுக்கு 'கதாபாத்திரங்களுக்குச் சமமாக' என்று மாற்ற வேண்டும்.

அடுத்தது ஆட்டோரன், அதாவது ஈவென்டைத் தானாகவே ஓடவிடும் ட்ரிகர். மேப்புக்குள் நுழைந்ததும் அப்பா பேசும் காட்சிக்காக அதை வைக்கிறார்கள். அப்பா பேசி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து பேசுவார். மறுபடியும். கதாநாயகன் அசையவே மாட்டான். ஆட்டோரன் ஓடும்வரை விளையாடுகிறவரின் கட்டுப்பாடு பூட்டப்பட்டிருக்கும், நிறுத்தச் சொல்லி நாம்தான் எழுத வேண்டும். வழி சுலபம். கட்டளைகளின் கடைசியில் செல்ஃப் ஸ்விட்ச் (அந்த ஈவென்டுக்கு மட்டுமான ஸ்விட்ச்) 'ஏ'யை ஆன் செய்யுங்கள். அப்புறம் அதே ஈவென்டில் இரண்டாவது பக்கம் ஒன்று சேர்த்து, அதன் நிபந்தனையாக அந்த 'ஏ'யைக் கொடுத்து, பக்கத்தைக் காலியாக விடுங்கள். அந்தப் பக்கத்தின் ட்ரிகர் ஆட்டோரன் ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். புதையல் பெட்டிக்கும் இதே முறைதான். இரண்டாவது பக்கத்தை மறந்தால் ஒரே பெட்டியிலிருந்து ஆயிரம் முறை காசு எடுக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஈவென்டில் பல பக்கங்களின் நிபந்தனைகள் ஒரே நேரத்தில் பொருந்தினால், எண்ணில் பெரிய பக்கம்தான் ஓடும். வேரியபிள் (ஒரு எண்ணை நினைவில் வைக்கும் இடம்) நிபந்தனையோ 'இந்த எண் அல்லது அதற்கு மேல்' என்ற வகை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதையின் போக்கை ஒரே வேரியபிளில் வைத்துக்கொள்வது எவ்வளவு வசதி என்று புரியும். பேருந்து ஏறியதும் 10, சந்தைக்கு வந்ததும் 20, பூ வாங்கியதும் 30. பூக்காரம்மாவின் பக்கங்களையும் அதே ஏறுவரிசையில் அடுக்குங்கள். இடையில் ஒரு காட்சி சேர்க்கத் தோன்றினால் 15 இருக்கிறது. இப்படிச் செய்யாமல் சம்பவத்துக்கு ஒரு ஸ்விட்ச் என்று போனால், ஐம்பதாவது ஸ்விட்சில் எது எதற்கு என்று எழுதியவருக்கே தெரியாது. அதிலும் பெயர் வைக்காத ஸ்விட்சுகள். 0023 என்றால் என்னவென்று அடுத்த மாதம் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

மற்றதெல்லாம் நடக்கும்போதே பின்னால் ஓடும் பேரலல் ஈவென்ட்களைப் பற்றி இவ்வளவு போதும்: காத்திருப்புக் கட்டளை இல்லாத பேரலல் வினாடிக்கு 60 முறை ஓடப் பார்க்கும். பத்து வைத்தால் கணினி தாங்கும், சாதாரண போன் திணறும்.

தமிழ் வசனம் ஏன் உடைகிறது

தமிழில் கேம் செய்கிற எல்லாரும் இங்கே வந்து முட்டிக்கொள்வார்கள். பொருள்களின் பெயரைத் தமிழில் தட்டுகிறோம், மெனுவில் அழகாக வருகிறது. நம்பி வசனம் முழுவதையும் தமிழில் எழுதி ஓட்டினால், கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம், நடுவில் வெற்று வட்டங்கள். எழுத்துரு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். எதுவும் நடக்காது, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை.

கொல்லங்கோடு என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது பதினோரு குறியீடு: க, ஒகரக் குறி, ல, புள்ளி, ல, ங, புள்ளி, க, ஓகாரக் குறி, ட, உகரக் குறி. வசனப் பெட்டி தட்டச்சு அடிப்பதுபோலக் காட்டுவதற்காக ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியாக வரைகிறது. 'க' வரைந்தாகிவிட்டது, அடுத்து ஒகரக் குறி மட்டும் தனியாக வருகிறது. ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் அது வட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மெனுவில் பெயர் முழுதாக ஒரே வீச்சில் வரையப்படுவதால் அங்கே மட்டும் சரியாக இருக்கிறது.

எம்இசட் பதிப்பில் அவசரத் தீர்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் \> என்ற குறியைப் போட்டால் அந்த வரி மொத்தமாக ஒரே நேரத்தில் வரும், எழுத்து உடையாது. தட்டச்சு அடிப்பதுபோல வரும் அழகு போய்விடும், அவ்வளவுதான். அதுவும் வேண்டும் என்றால் சின்ன பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுத வேண்டும். வசனப் பெட்டி ஒவ்வொரு குறியீட்டுக்குப் பிறகும் 'இங்கே நிறுத்தலாமா' என்று கேட்கும் இடம் ஒன்று எம்இசட்டில் இருக்கிறது. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு அங்கே ஏற்கெனவே விதிவிலக்கு உண்டு. அடுத்து வருவது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் நிறுத்தாதே என்று நம்முடைய விதிவிலக்கையும் அங்கேயே சேர்த்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த நண்பர் இருந்தால் ஒரு சாயா குடிக்கும் நேரத்து வேலை. எம்வியில் இந்த வசதி இல்லை, வரி மொத்தமாக வந்தாலும் உள்ளே குறியீடு குறியீடாகத்தான் வரையும். பொருள் விளக்கம்கூட உடையும். ஆகவே தமிழ்க் கேமுக்கு எம்இசட்டையே எடுங்கள் என்பேன்.

எழுத்துருவுக்கும் வேலை உண்டு. கூடவே வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. அது இல்லாத இடத்தில் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து நிற்கிறது, ஆளுக்கு ஆள் அது மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமமுள்ள ஒன்றை ப்ராஜெக்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வசனப் பெட்டி நாலு வரிதான், வரி தானாக மடங்கவும் செய்யாது. தமிழ்ச் சொற்கள் நீளம். பக்கத்தில் முகப்படம் வைத்தால் இடம் இன்னும் சுருங்கி, கடைசிச் சொல் பெட்டியின் ஓரத்தில் வெட்டுப்படும். ஒவ்வொரு வசனத்தையும் ஓட்டிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

வசனத்தின் மொழியும் முக்கியம். குளச்சல் கடற்கரையில் நிற்கிறவர் "தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?" என்று கேட்டால் யார் நம்புவார்கள்? "எங்க மக்கா போற? கடல் சரியில்ல, இன்னைக்கு வள்ளம் இறக்கல்ல." இது போதும், ஊர் வந்துவிடும். விளவங்கோடு பக்கத்து ஆளுக்கும் தோவாளைப் பக்கத்து ஆளுக்கும் பேச்சில் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், அதை வெளியூர்க்காரர் எழுத முடியாது.

கூடவே வரும் படங்களை அப்படியே வைத்துக்கொள்வது இதே ரகத் தவறு. புகைபோக்கி வைத்த ஐரோப்பிய வீடுகள், பனி, குளிர்காயும் அடுப்பு. தக்கலைத் தெருவில் குளிர்காயும் அடுப்பு எதற்கு? முழுவதையும் வரைய வேண்டாம். ஓட்டு வீடு, தென்னை, வாழை, ஒரு பேருந்து, இவ்வளவு மாற்றினாலே ஊர் தெரியும். கட்டம் ஒன்று 48க்கு 48 பிக்சல். ஒரே ஒரு கதாபாத்திரம் மட்டும் உள்ள படக்கோப்பின் பெயர் டாலர் குறியில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அதை எட்டுப் பேர் உள்ள படம் என்று எடுத்துக்கொண்டு துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். வேறு கேமிலிருந்து உருவிய படங்களும் சினிமாப் பாட்டும் வேண்டாம். நண்பர்கள் ரசிப்பார்கள், வெளியிடும்போது உரிமைச் சிக்கல் வரும்.

பிளகின்களை மொத்தமாக இறக்கிப் போடுவதும் வழக்கம். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். வரிசை மாறினாலே சில ஓடாது. எம்விக்கு எழுதியதை எம்இசட்டில் போட்டால் பெரும்பாலும் ஓடாது. கோப்பின் பெயரை மாற்றினால் அமைப்புகள் அதற்குக் கிடைக்காமல் போகலாம்.

இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு பிரதி எடுக்காமல் வேலை செய்கிறவர்களின் துணிச்சல் எனக்குப் புரிவதில்லை. சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால் அந்த மேப்பின் கோப்பு காலியாகிவிட வாய்ப்புண்டு. ப்ராஜெக்ட் என்பது ஒரு ஃபோல்டர் மட்டும். தினமும் தேதி போட்டு நகலெடுத்து, வேறோர் இடத்திலும் வையுங்கள்.

கடைசியாக, வெளியே அனுப்புவது. ஃபோல்டரைத் திறந்து கேமின் இயக்கக் கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "ஓடலியா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃபோல்டர் முழுவதையும் சுருக்கி அனுப்ப வேண்டும். பயன்படாத கோப்புகளை நீக்கும் வசதியை டிக் செய்யும் முன் யோசியுங்கள், பிளகின் மட்டும் கூப்பிடும் படங்களையும் அது நீக்கிவிடக்கூடும். கோப்புப் பெயர்களை முதலிலிருந்தே ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது. ஆண்ட்ராய்டும் இணைய சர்வர்களும் பெரும்பாலும் விடாது. உங்கள் கணினியில் நன்றாக ஓடிய கேம் அங்கே போனதும் படம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். எம்வி என்றால் போனுக்கும் இணையத்துக்கும் ஒலிக்கோப்புகள் ஓஜிஜி, எம்4ஏ என இரண்டு வடிவத்திலும் இருப்பது நல்லது, எம்இசட்டுக்கு ஓஜிஜி போதும்.

அனுப்பும் முன், ஆர்பிஜி மேக்கர் நிறுவாத ஒரு கணினியிலும் விலை குறைந்த போன் ஒன்றிலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். கேமைப் பற்றி எதுவும் தெரியாத தம்பியையோ தங்கச்சியையோ உட்கார வைத்து, பின்னால் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். "அந்தக் கதவுக்குப் போ" என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு வசனமோ வெளிச்சமோ வையுங்கள்.